40,000 பவுண்டு சுற்றி வந்த கதை: விக்டோரியா சட்ட மேலவையின் முட்டுக்கட்டை, 1865–66

நிகழ்வு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா அன்று பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. மெல்பர்ன் அதன் தலைநகர். அங்கே 1865 ஜூலை முதல் 1866 ஏப்ரல் வரை, செலவு செய்யச் சட்ட அனுமதி இல்லாமலேயே ஓர் அரசாங்கம் நடந்தது. சம்பளம் கொடுத்தது, வரி வசூலித்தது, தேர்தலும் நடத்தியது. அனுமதி தர மறுத்தது சட்ட மேலவை. மறுப்பை மீறிப் பணம் எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த வழி இந்தக் கதையின் நடுநாயகம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன்.

இதில் வருகிறவர்கள் வரலாற்றில் இடம்பெற்றவர்கள்தாம். ஆனாலும் பெயர்களை விட்டுவிட்டுப் பதவிகளை மட்டும் சொல்கிறேன். இன்னார் பிடிவாதக்காரர், இன்னார் சூழ்ச்சிக்காரர் என்று பேசத் தொடங்கினால், எந்த விதி அவர்களை அந்த மூலைக்குத் தள்ளியது என்பது கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

பின்னணி

1851இல் தங்கம் கிடைத்தபின் விக்டோரியாவுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். 1855இல் அது தன்னைத் தானே ஆளும் அரசியலமைப்பைப் பெற்றது. இரண்டு அவைகள். கீழே சட்டப் பேரவை: 1857க்குள் சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வயது வந்த ஆண்களுக்கு அங்கே வாக்குரிமை வந்துவிட்டது. வாக்கும் ரகசிய வாக்கு. உலகத்துக்கே அது அன்று புதுமை. மேலே சட்ட மேலவை: 30 உறுப்பினர்கள், பத்தாண்டுப் பதவி. உறுப்பினராக நிற்க 5,000 பவுண்டு பெறுமானமுள்ள சொந்த நிலம் வேண்டும். வாக்களிப்பதற்கே 1,000 பவுண்டுச் சொத்து வேண்டும். இல்லையென்றால் பட்டதாரி, மருத்துவர், வழக்கறிஞர் போன்ற தகுதி வேண்டும். பேரவையை ஆளுநர் கலைக்கலாம். மேலவையைக் கலைக்க எவராலும் முடியாது.

கட்டடமே இதைச் சொல்லும். மெல்பர்னின் ஸ்பிரிங் தெருவில் 1856இல் முதலில் எழும்பியவை இரண்டு அவைக் கூடங்கள் மட்டுமே. இரண்டையும் சேர்க்கும் நூலகம் வந்தது 1860இல்தான். மக்கள் நடமாடும் பெரிய மண்டபம் 1879 வரை வரவில்லை. மேலவைக் கூடத்துக்குக் கொரிந்தியத் தூண்களும் அலங்காரமும். பேரவைக் கூடம் அதைவிட எளியது.

அரசியலமைப்பின் 56ஆம் பிரிவில் ஒரு வாசகம் இருந்தது. வருவாயைச் செலவுக்கு ஒதுக்கும் மசோதாவும் வரி விதிக்கும் மசோதாவும் பேரவையில்தான் பிறக்க வேண்டும். மேலவை அவற்றை நிராகரிக்கலாம், திருத்தக் கூடாது. பந்தியில் உட்கார்ந்தவர் இலையை மூடிவிட்டு எழுந்து போகலாம், சாம்பாருக்கு உப்புப் போதவில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது என்பது போன்ற ஏற்பாடு. இலையை மூடியபின் என்ன செய்வது என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

கவனிக்கப்பட்டது

1860களில் ஆற்றுமணலை அரித்து எடுக்கும் தங்கம் குறைந்துவிட்டது. தனி ஆளாகக் கூடாரம் போட்டுத் தோண்டியவர்கள் வேலை தேடி நகரத்துக்குத் திரும்பினார்கள். உள்ளூரில் செருப்பும் துணியும் தைத்தால் வேலை கிடைக்கும், அதற்கு இறக்குமதிக்கு வரி போட வேண்டும் என்ற குரல் எழுந்தது. ‘தி ஏஜ்’ நாளிதழ் அந்தக் குரலுக்கு ஊதுகுழல் ஆனது. ‘தி ஆர்கஸ்’ எதிர்ப்பக்கம் நின்றது. அரசாங்கத்தின் முதலமைச்சர் தாமே பெரிய இறக்குமதி வணிகர் என்பதை இங்கே ஒரு வேடிக்கையாகக் குறித்துக்கொள்ளலாம்.

1865 ஜனவரியில் கருவூல அமைச்சர் புதிய சுங்கப் பட்டியலைப் பேரவையில் வைத்தார். தேயிலைக்கும் சர்க்கரைக்கும் வரி குறைந்தது. ஆடை, காலணி முதலியவற்றுக்குப் புதிய வரி வந்தது. இன்றைய கண்ணுக்கு அது அதிக வரி அல்ல, உச்சமே மதிப்பில் 10 சதவீதம்தான். ஆனால் மேலவையில் பலமாக இருந்தவர்கள் பெரும் ஆட்டுப் பண்ணைக்காரர்களும் இறக்குமதி வணிகர்களும். கம்பளியைக் கப்பலேற்றி, அதே கப்பலில் துணியை இறக்குகிறவர்களுக்கு இது நேரடியாகக் கைவைப்பு.

சுங்கத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பேரவை தீர்மானம் போட்ட அன்றே புதிய வரியை வசூலிக்கத் தொடங்கிவிடுவார்கள். சட்டம் பிறகு வந்து அதை முறைப்படுத்தும். இல்லாவிட்டால், வரி வரப்போகிறது என்று தெரிந்த வணிகர்கள் ஒரே இரவில் கிடங்கைக் காலி செய்துவிடுவார்கள். விக்டோரியாவிலும் அப்படியே வசூல் தொடங்கியது. சட்டம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வாங்கிய பணம் அது.

முதல் முடிவு: இரண்டையும் சேர்த்துத் தைப்பது

தனியாக அனுப்பினால் மேலவை சுங்க மசோதாவை நிராகரித்துவிடும் என்று அமைச்சரவைக்குத் தெரிந்திருந்தது. எனவே அந்த ஆண்டுக்கான நிதி ஒதுக்கீட்டு மசோதாவோடு சுங்கப் பட்டியலையும் சேர்த்து ஒரே மசோதாவாக அனுப்பினார்கள். நாடாளுமன்ற வழக்கில் இதற்கு ‘டாக்’ என்று பெயர். தையற்காரர் துணியை இழையோட்டிப் பிடித்துவைப்பாரே, அதே சொல். மேலவையால் திருத்த முடியாது. முழுவதையும் ஏற்க வேண்டும், அல்லது முழு அரசின் சம்பளத்தையும் நிறுத்த வேண்டும். அரசுச் சம்பளத்தை நிறுத்தும் பழியை எந்த அவை ஏற்கும் என்பது அமைச்சரவையின் கணக்கு.

கணக்குத் தப்பியது. 1865 ஜூலையில் மேலவை மசோதாவை ஒதுக்கிவைத்தது. ‘நிராகரித்தோம்’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது முறையான நிதி மசோதாவே அல்ல, ஆகவே எங்கள் முன்னால் ஒன்றும் இல்லை என்பது அவர்கள் நிலை. சம்பளத்தை நிறுத்தியவர்கள் தாங்கள் அல்லர், தைத்தவர்களே என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு சொல் இடம் கொடுத்தது. சட்டப்படி பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். இந்த இடம் வரைக்கும்.

இரண்டாம் முடிவு: வங்கி

இப்போது கருவூலத்தில் பணம் இருக்கிறது, எடுக்கச் சட்டம் இல்லை. காவலரும் ஆசிரியரும் மாதக் கடைசியில் வந்து நிற்பார்கள்.

அமைச்சரவையின் சட்ட மூளை தலைமை வழக்கறிஞர். அவர் கண்ட வழி இப்படிப் போனது. அரசு வங்கியில் 40,000 பவுண்டு கடன் வாங்கும்; அதைக் கொண்டு சம்பளம் கொடுக்கும். வங்கி கடனைத் திருப்பிக் கேட்டு அரசின்மேல் வழக்குப் போடும். அரசின் சார்பில் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போய், “ஆமாம், கடன்பட்டிருக்கிறோம்” என்று ஒப்புக்கொள்வார். தீர்ப்பு வங்கிக்குச் சாதகமாக வரும். அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் அந்தத் தொகையைப் பொது வருவாயிலிருந்து கொடுக்கலாம் என்று ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. அதற்கு மேலவையின் புதிய அனுமதி தேவையில்லை. ஆளுநர் பணம் வழங்கும் உத்தரவில் கையெழுத்திடுவார். பணம் கருவூலத்திலிருந்து வங்கிக்குப் போகும். வங்கி அதே 40,000 பவுண்டை மறுபடி கடன் கொடுக்கும்.

மற்ற வங்கிகள் இதற்கு முன்வரவில்லை. ஒத்துக்கொண்டது லண்டன் சார்ட்டர்ட் வங்கி. மெல்பர்னில் அந்த வங்கிக்கு இருந்த ஒரே இயக்குநர் நம் முதலமைச்சர்தான். கடன் கொடுத்தவரும் அவரே, வாங்கியவரும் அவரே என்று சொன்னால் முழுக்கத் தவறாகாது.

ஏன் இந்த முடிவு? அமைச்சரவைக்கு வேறு இரண்டு வழிகள் இருந்தன. பதவி விலகலாம், அல்லது தையலைப் பிரித்து இரண்டு மசோதாக்களாக அனுப்பலாம். இரண்டுமே தோல்வியை ஒப்புக்கொள்வது. பேரவையில் உறுதியான பெரும்பான்மை வைத்திருக்கும் அமைச்சரவை, கலைக்க முடியாத 30 பேரிடம் ஏன் தோற்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் விலை வேறொருவர் தலையில் விழுந்தது. சுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் ஆளுநரின் கையெழுத்து இருந்தது.

சுங்கத்தின் பக்கம் இன்னும் மோசம். சட்டமாகாத வரியைக் கொடுக்க மாட்டோம் என்று இறக்குமதியாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். ஒரு அவையின் தீர்மானம் சட்டமாகாது, இந்த வசூல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் வசூலை நிறுத்தவில்லை. வங்கி வழியிலாவது சட்டத்தின் ஒரு சந்துக்குள் நுழைந்துபோனார்கள். இங்கே சந்துகூட இல்லை, சுவரை இடித்துக்கொண்டு போனார்கள்.

பிரித்த பிறகும் தீரவில்லை

1865 நவம்பரில் அமைச்சரவை தையலைப் பிரித்தது. சுங்க மசோதா தனியே போனது. மேலவையின் பழைய ஆட்சேபம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இந்த முறை உண்மையாகவே நிராகரித்தார்கள். முறை தவறு என்று சொன்னவர்கள் முறையைச் சரிசெய்த பின்னும் மறுத்தபோதுதான், எதிர்ப்பு முறையைப் பற்றியதா, வரியைப் பற்றியதா என்ற கேள்வி வெளியே வந்தது. ஜூலையில் அவர்கள் பக்கம் இருந்த நியாயத்தை நவம்பரில் தாங்களே கரைத்துவிட்டார்கள்.

பேரவை கலைக்கப்பட்டது. 1866 தொடக்கத்தில் நடந்த தேர்தலில் அமைச்சரவை பெரும் வெற்றியோடு திரும்பியது. மார்ச்சில் சுங்க மசோதா மீண்டும் மேலவைக்குப் போனது. மீண்டும் நிராகரிப்பு. முதலமைச்சர் பதவி விலகினார். ஆளுநர் எதிர்த்தரப்பை அழைத்துப் பார்த்தார். பேரவையில் அவர்களுக்கு ஆள் இல்லாததால் அரசு அமைக்க முடியவில்லை. பழைய அமைச்சரவையே திரும்பி வந்தது. ஒன்பது மாதம் நகர்ந்த பிறகும் காய்கள் அதே கட்டத்தில்.

ஆளுநர்

இந்தக் கதையில் நான் அதிகம் யோசித்தது இவரைப் பற்றித்தான். லண்டனுக்கும் மெல்பர்னுக்கும் இடையே தந்தி வந்தது 1872இல். அதுவரை கடிதம் கப்பலில் போக ஏறக்குறைய இரண்டு மாதம். பதில் வர இன்னும் இரண்டு மாதம். நாள்தோறும் கையெழுத்துக் கேட்டு ஒரு காகிதம் மேசைக்கு வருகிறது. அது சரியா என்று மேலிடத்தைக் கேட்டால் பதில் நான்கு மாதம் கழித்து வரும். அதற்குள் வேறு இருபது காகிதம் கையெழுத்தாகியிருக்கும். அவர் தம் அமைச்சர்களின் யோசனைப்படி நடந்தார். தன்னாட்சி நாட்டில் ஆளுநர் செய்ய வேண்டியது அதுதானே என்று அவர் கருதினார்.

1865 டிசம்பரில், முன்னாள் அமைச்சர்களான நிர்வாகக் குழு உறுப்பினர்கள் 22 பேர், ஆளுநர் சட்டமீறலுக்குத் துணைபோகிறார் என்று அரசிக்கு மனு அனுப்பினார்கள். விக்டோரியாவில் அமைச்சர் பதவி போனாலும் நிர்வாகக் குழு உறுப்பினர் என்ற பட்டம் போகாது; கூட்டத்துக்கு அழைக்க மாட்டார்கள், அவ்வளவே. ஆளுநர் அந்த மனுவை லண்டனுக்கு அனுப்பும்போது 23 டிசம்பர் தேதியிட்ட தம் கடிதத்தில் மனம் வெடித்துவிட்டார். மனுப் போட்டவர்கள் கூடிச் சதி செய்கிறார்கள் என்றும், இனி அவர்களைத் தம் ஆலோசகர்களாக ஏற்பது தமக்கு இயலாது என்றும் எழுதினார்.

சட்டமில்லாத வரியும் வங்கிச் சுழற்சியும் லண்டனில் குடியேற்ற நாடுகளின் அமைச்சருக்கு ஏற்கெனவே பிடிக்கவில்லை, கண்டித்தும் எழுதியிருந்தார். ஆனால் ஆளுநரைத் திரும்ப அழைத்து 1866 பிப்ரவரி 26 அன்று எழுதியபோது, முன்னால் வைத்த காரணம் அந்தக் கடிதத்தின் வாசகம். அந்த 22 பேரும் நாளைக்கே அமைச்சர்களாக வரக்கூடியவர்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தவர் எப்படி நடுநிலை ஆளுநராக இருப்பார்? ஒன்பது மாதம் சட்டத்தை வளைத்ததை மெல்பர்ன் பார்த்துக்கொண்டிருந்தது. வேலை போனது ஒரு கடிதத்தின் சில வரிகளால்.

லண்டன் கடிதம் ஏப்ரலில் மெல்பர்ன் வந்து சேர்ந்தபோது நிலைமையே மாறிப்போயிருந்தது. இரு அவைகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். சுங்க மசோதாவின் முகப்புரையில் சில சொற்கள் மாறின. நிதி ஒதுக்கீடு தனியாகப் போனது. மேலவை இரண்டையும் ஏற்றது. வரி வந்துவிட்டது. கூடிப் பேசும் அந்த வழி முந்தைய ஜூலையிலேயே திறந்திருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பின்விளைவு

மே மாதம் ஆளுநர் கப்பலேறினார். வழியனுப்பப் பெருங்கூட்டம் திரண்டது. மக்களுக்காகப் பதவியிழந்தவர் என்று பேரவை அவருக்கு ஏதாவது செய்ய விரும்பியது. ஆளுநர்கள் பரிசு வாங்கக் கூடாது என்பது விதி. எனவே அவருடைய மனைவிக்கு 20,000 பவுண்டு என்று தீர்மானித்தார்கள்.

1867இல் அந்தத் தொகையை வருடாந்தர நிதி ஒதுக்கீட்டு மசோதாவுக்குள் வைத்து அனுப்பினார்கள். ஆம், மறுபடியும். மேலவை மறுபடியும் இலையை மூடியது. அமைச்சரவை விலகல், இன்னொரு தேர்தல், பேரவையில் பெரும்பான்மை இல்லாத ஒரு குறுகிய கால அமைச்சரவை என்று 1868 நடுப்பகுதி வரை இழுத்தது. முடிவு மெல்பர்னில் வரவில்லை. முன்னாள் ஆளுநருக்கு லண்டன் ஆண்டுக்கு 1,000 பவுண்டு ஓய்வூதியம் கொடுத்ததும் 20,000 பவுண்டு பேச்சு தானாக அடங்கியது. 1870இல் அவர் இறந்தபின் விக்டோரியா நாடாளுமன்றம் அவர் மனைவிக்கு ஓய்வூதியம் வழங்கியது. அப்போது யாரும் சண்டைக்கு நிற்கவில்லை.

தலைமை வழக்கறிஞர் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. அவர் கோபம் மேலவையைத் தாண்டி லண்டன் அலுவலகத்தின்மேல் திரும்பியது. தன்னாட்சி என்று பெயர்தான், உண்மையில் நம்மை ஆள்வது அங்கே மேசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி என்ற பொருள்படப் பின்னாளில் பேசினார்.

மூன்றாம் முறையும் வந்தது. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் தொகையை 1877இல் ஒதுக்கீட்டு மசோதாவில் வைத்தார்கள். மேலவை மறுத்தது. அப்போதைய முதலமைச்சர் வங்கியைத் தேடவில்லை. கொடுக்கப் பணமில்லை என்று சொல்லி நீதிபதிகள், மாஜிஸ்திரேட்டுகள், துறைத் தலைவர்கள் உட்பட நூற்றுக்கணக்கான அரசு ஊழியர்களை ஒரே அரசிதழ் அறிவிப்பில் நீக்கினார். விடிந்த நாள் 1878 ஜனவரி 9, புதன்கிழமை. ‘கருப்புப் புதன்’ என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. 1865இல் ஊழியர்களைக் காப்பாற்றச் சட்டம் வளைந்தது. 1878இல் மேலவையைப் பணியவைக்க ஊழியர்கள் பகடைக்காயானார்கள்.

என்ன மாறியிருக்க வேண்டும், என்ன மாறியது

மூன்று முட்டுக்கட்டைகளிலும் ஒரே ஓட்டை. மேலவைக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல அதிகாரம் இருந்தது. ‘இதை மாற்றிக்கொண்டு வா’ என்று சொல்ல அதிகாரம் இல்லை. எச்சரிக்கையோடு ஒரு சொல்லை மாற்றக் கேட்டிருக்க வேண்டியவர்கள் முழு மசோதாவையும் கொன்றார்கள். அது தெரிந்ததால் பேரவையும் அவர்கள் கொல்லத் தயங்கும் ஒன்றோடு தனக்கு வேண்டியதைக் கட்டி அனுப்பியது. செலவைக் காவல்காக்க வைத்த வேலியே பயிருக்குள் குறுக்குப் பாதை போட வைத்தது. 1865க்கு முன் விக்டோரியாவின் கருவூலத்திலிருந்து சட்டமில்லாமல் பணம் எடுக்க யாருக்கும் வழி தெரியாது. 1866க்குப் பின் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விக்டோரியாவில் 1881இல் மேலவையை 42 பேராக்கினார்கள். பதவிக்காலம் ஆறாண்டாகக் குறைந்தது, சொத்துத் தகுதியும் தாழ்ந்தது. யார் உட்காருவது என்பது மாறியது. முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு அப்போதும் பதில் இல்லை.

அந்தப் பதிலை எழுதிப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அரசியலமைப்பை வரைந்தவர்கள். 1901இல் நடைமுறைக்கு வந்த அதன் 53ஆம் பிரிவில், மேலவையான செனட் வரி மசோதாவைத் திருத்த முடியாது, ஆனால் திருத்தும்படி கேட்டுத் திருப்பி அனுப்பலாம். 54ஆம் பிரிவின்படி வழக்கமான ஆண்டுச் செலவு மசோதாவில் வேறெதுவும் இருக்கக் கூடாது. 55ஆம் பிரிவின்படி வரிச் சட்டத்தில் வரி மட்டுமே. தையல் ஊசியைப் பிடுங்கிவிட்டார்கள். 57ஆம் பிரிவு, முட்டிக்கொண்டால் இரு அவைகளையும் கலைத்துத் தேர்தல், அதன்பிறகும் தீராவிட்டால் கூட்டமர்வு என்று வழி வகுத்தது. இந்தியாவில் பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்குள் தன் பரிந்துரைகளோடு திருப்பி அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடும் இதே தலைவலிக்குக் கொடுத்த வேறொரு மருந்துதான்.

ஆனால் ஆஸ்திரேலியக் கூட்டாட்சியில் செனட்டின் நிராகரிக்கும் அதிகாரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. 1975 அக்டோபரில் கூட்டாட்சித் தலைநகர் கான்பராவில் செனட் நிதி மசோதாக்களை நிறைவேற்றாமல் தள்ளிவைத்தது. தையல் எதுவும் இல்லை, 54ஆம் பிரிவு அப்படியே இருந்தது, பணம் மட்டும் தீர்ந்துகொண்டிருந்தது. அரசாங்கம் என்ன செய்யப் பார்த்தது? ஊழியர்களுக்கும் பொருள் தந்தவர்களுக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பது, அதை வைத்துக்கொண்டு வங்கிகள் பணம் தருவது என்று ஒரு திட்டம் போட்டது. வங்கிகள் தயங்கின. அவை பதில் சொல்லி முடிப்பதற்குள், நவம்பர் 11 அன்று, ஆளுநர் நாயகம் பிரதமரையே பதவிநீக்கிவிட்டார்.